மைதானமும் வருகைப் பதிவேடும்

தேவாரத்து ஏலத்தோட்ட ஜீப்புகள் ஏறிச் செல்லும் மலைக்கு அப்பால், திருச்சூரில் 1969ஆம் ஆண்டு பிறந்தவர் கால்பந்து வீரர் ஐ. எம். விஜயன். 'திமிரு' (2006) படத்து வில்லனாகவே நம் மாணவர் அவரை அறிவர். அது நம் குறையே. வறுமையால் மைதானத்தில் சோடா விற்ற அச்சிறுவனைக் கேரளக் காவல்துறை பின்னாளில் தன் அணியில் சேர்த்துக்கொண்டது. 1990இல் அவ்வணி பெடரேஷன் கோப்பையை வென்றது. 1993, 1997, 1999 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவின் சிறந்த வீரர் அவரே. 1999இல் பூட்டானுக்கு எதிராகப் பன்னிரண்டே நொடியில் கோல் அடித்தார்! 2025இல் பத்மஸ்ரீ விருதும் பெற்றார்.

திறமை அவருடையது, அதற்குச் சோறிட்டது மாதச் சம்பளம் என்பதே நம் கருத்து. விடுமுறையில் காய் எடுக்க மலையேறும் மாணவர் நம் வகுப்பிலும் உளர். அவருள் ஒருவன் பந்தாடச் சென்ற நாளில் 'வரவில்லை' எனக் குறிப்பவர் நாமேயன்றோ? அந்நாள்களை இவ்வாண்டு முதலேனும் வருகையாகக் கணக்கிடுவோம். விடுபட்ட பாடத்தை மாலையில் நடத்தத் தமிழ்த்துறை அணியமாக உள்ளது.