பெண்ணின் விருப்பமும் தாழிட்ட கதவும்: 'லஸ்ட் ஸ்டோரீஸ்' தொகுப்புகள் சொல்வது என்ன?

புது தில்லி: நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் 2018 ஜூன் 15 அன்று வெளியான 'லஸ்ட் ஸ்டோரீஸ்', 2023 ஜூன் 29 அன்று வந்த அதன் இரண்டாம் பாகம் ஆகியவற்றில் தலா நான்கு குறும்படங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை பெண்ணின் உடல் விருப்பத்தையே கருப்பொருளாகக் கொண்டவை. முதல் தொகுப்பும் அதில் நடித்த ராதிகா ஆப்தேவும் 2019-ஆம் ஆண்டு சர்வதேச எம்மி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர்.

'லஸ்ட்' என்பதைக் 'காமம்' என்று தமிழாக்குவது எளிது. ஆனால், அந்த ஆங்கிலச் சொல்லில் படிந்துள்ள பாவத்தின் வாடை, திருக்குறளில் 25 அதிகாரங்களைப் பெற்ற தமிழ்ச் சொல்லுக்கு அன்று இருந்ததில்லை. இன்றைய வழக்கில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன.

இத்தகைய கதைகள் திரையரங்கை விட்டு இணையத்துக்கு வந்ததற்குக் காரணம் உண்டு. அலங்கிருதா ஸ்ரீவஸ்தவா இயக்கிய 'லிப்ஸ்டிக் அண்டர் மை புர்கா' படத்துக்குத் திரைப்படத் தணிக்கை வாரியம் 2017 ஜனவரியில் சான்றிதழ் மறுத்தது. கதை பெண்களை மையப்படுத்தியது என்பதே மறுப்புக் கடிதத்தில் ஒரு குறையாகச் சுட்டப்பட்டிருந்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தலையிட்ட பிறகே, 'ஏ' சான்றிதழுடன் அதே ஆண்டு ஜூலையில் படம் திரைக்கு வந்தது. அந்தத் தீர்ப்பாயமும் 2021-இல் கலைக்கப்பட்டுவிட்டது. இனி முறையீடு என்றால் உயர் நீதிமன்றம்தான். இணையத் தளங்களுக்கோ முன் தணிக்கை இல்லை. 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, வயதுப் பிரிவைத் தளங்களே வகுத்து அறிவிக்கின்றன.

அரைமணி நேரக் குறும்படத்தில் பாடலும் நட்சத்திரக் கணக்கும் தேவையில்லை. துணிச்சலின் இழப்பை நான்கு இயக்குநர்கள் பகிர்ந்துகொள்ளலாம். ஆயினும் அதிகம் பேசப்பட்ட கதைகள் வசதியான வீடுகளின் கதைகளே. கரண் ஜோஹர் படத்தில் புதுமணப்பெண்ணாக வரும் கியாரா அத்வானியின் காட்சி சமூக ஊடகங்களை நிறைத்தது. இரண்டாம் பாகத்தில், ஆர்.பால்கியின் படத்தில் பாட்டியாக வரும் நீனா குப்தா, திருமணத்துக்கு முன்பே உடல் பொருத்தம் பார்க்கச் சொல்கிறார். இவை சுவையானவைதான், ஆனால், கூச்சம் நீங்கிவிட்டால் சிக்கலும் தீர்ந்துவிடும் என்று நம்புபவை.

வீட்டுப் பணிப்பெண்களைப் பற்றிய இரண்டு படங்கள் அப்படி நம்பவில்லை. ஜோயா அக்தரின் படத்தில் சுதா (பூமி பெட்னேகர்) தனியாக வாழும் இளைஞனின் வீட்டில் வேலை செய்கிறாள். அவனுடன் படுக்கையைப் பகிர்ந்தவள், சற்று நேரத்தில் அதே வீட்டின் தரையைத் துடைக்கிறாள். அவனுக்கு வரன் பேச வந்தவர்களுக்குத் தேநீர் கொண்டுசெல்வதும் அவளே. யாரும் அவளை அடிக்கவில்லை, ஏசவில்லை. புகார் சொல்ல அவளுக்கு ஒரு வார்த்தைகூட மிச்சமில்லை.

கொங்கணா சென் ஷர்மாவின் 'தி மிரர்' இன்னும் ஆழம் போகிறது. எட்டுப் படங்களிலும் சிறந்தது இதுவே. தலைவலியால் அலுவலகத்திலிருந்து சீக்கிரம் திரும்பும் இஷீதா (தில்லோத்தமா ஷோம்), தன் படுக்கையில் பணிப்பெண் சீமாவை (அம்ருதா சுபாஷ்) ஓர் ஆணுடன் காண்கிறாள். அவன் வேறு யாருமல்லன், சீமாவின் கணவன். நெருக்கடியான தங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் தனித்திருக்க இடமில்லை. இஷீதா கூச்சலிடவில்லை, மறுபடியும் வந்து மறைந்து நின்று பார்க்கிறாள். ஒருத்திக்கு வீடு உண்டு, துணை இல்லை; மற்றவளுக்குத் துணை உண்டு, தாழிட ஒரு கதவு இல்லை. மும்பை போன்ற நகரத்தில் இது கற்பனைச் சிக்கல் அன்று.

கணவனிடம் மறுப்புத் தெரிவிக்க முடியும் என்று மணமான பெண்களில் 82 சதவீதம் பேர் கூறியதாக ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வு (2019–21) தெரிவிக்கிறது. மீறினால் சட்டம் துணை நிற்குமா என்பது வேறு விஷயம். மனைவி மீதான வல்லுறவைக் குற்றமாக்காத விதிவிலக்கு குறித்து, 2022 மே மாதம் தில்லி உயர் நீதிமன்ற அமர்வின் இரு நீதிபதிகளும் மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கினர். மறுப்புக்கே நிலை இதுவென்றால், விருப்பத்தைப் பற்றிய பேச்சு வெகு தொலைவில் இருக்கிறது.

தமிழில் அந்தத் தொலைவு இன்னும் அதிகம் போலும். 'லஸ்ட் ஸ்டோரீஸ்' தயாரித்த ஆர்எஸ்விபி, ஃப்ளையிங் யூனிகார்ன் நிறுவனங்களே 2020 டிசம்பரில் 'பாவக் கதைகள்' என்ற தமிழ்த் தொகுப்பையும் அதே தளத்துக்கு வழங்கின. நான்கு இயக்குநர்களும் எடுத்துக்கொண்ட பொருள் குடும்ப மானம். வெற்றிமாறனின் 'ஓர் இரவு' படத்தில், வளைகாப்புக்கென்று ஊருக்கு அழைத்துவந்த மகளுக்குத் (சாய் பல்லவி) தந்தையே (பிரகாஷ் ராஜ்) தண்ணீரில் நஞ்சு கலந்து கொடுக்கிறார். அவள் சாதி மாறி, தான் விரும்பியவனை மணந்திருந்தாள்.