போதோசிக்குப் போகும் முன்

பொலிவியா செல்லும் சுற்றுலாப் பயணிகளுக்கான கையேடுகள் எல்லாம் ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன: லா பாஸ் 3,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மூச்சு வாங்கும், முதல் ஓரிரு நாள் ஓய்வெடுங்கள். தேவையான அறிவுரைதான். ஆனால் அதைவிட உயரத்தில், 4,000 மீட்டருக்கும் மேலே, விவசாயத்துக்கு லாயக்கில்லாத குளிரில் போதோசி என்றொரு நகரம் ஏன் எழுந்தது என்பதை ஒற்றை வரியில் தாண்டிவிடுகின்றன. பயணி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான். 1545இல் அங்குள்ள செரோ ரிக்கோ மலையில் வெள்ளி கிடைத்தது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்த ஊர் அது. 1570களில் ஸ்பானிய வைஸ்ராய் தொலேதோ விரிவுபடுத்திய மீத்தா முறைப்படி, குறிப்பிட்ட மாகாணங்களின் பழங்குடி ஆண்களில் ஏழில் ஒருவர் முறைவைத்துச் சுரங்க வேலைக்கு வந்தாக வேண்டும். மாண்டவர்கள் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளர்களிடையே தகராறு உண்டு. அது கட்டாய உழைப்பு என்பதில் இல்லை. ஐரோப்பியக் கம்பெனிகள் சோழமண்டலக் கரையில் துணி வாங்கியதும் பெருமளவு இப்படி அமெரிக்கக் கண்டத்திலிருந்து போன வெள்ளியைக் கொண்டுதான்.

விடுமுறையில் போகிறவருக்கு எதற்கு இந்தச் சரித்திரம், உயூனி உப்புவெளியில் நாலு படம் எடுத்தால் போதாதா என்று கேட்கலாம். போதும், போதோசிப் பக்கம் போகாதவரை. போனால், கட்டணம் செலுத்தி அதே மலைக்குள் நுழைய அழைப்பார்கள். அங்கே இன்றும் கூட்டுறவுச் சங்கத் தொழிலாளர்கள் தாது வெட்டுகிறார்கள். கல்தூசி நுரையீரலைத் தின்கிறது. உள்ளே கொம்பு வைத்த எல் தியோவின் சிலை, வாயில் சிகரெட், காலடியில் கோக்கா இலை. விவரம் தெரியாதவர் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுப்பார். தொழிலாளிக்கோ அது தாதுவைத் தரவும் உயிரை எடுக்கவும் வல்ல பாதாளத்தின் அதிபதி.

வறுமையை வேடிக்கை பார்க்கும் இந்தச் சுற்றுலாவே கூடாது என்போரின் ஆட்சேபம் கனமானது. ஆனாலும் வழிகாட்டிகளில் பலர் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள். நாம் போகாமல் இருப்பதால் ஒருவரும் குழியை விட்டு வெளியேறப் போவதில்லை. ஆபத்து வேறு விஷயம். குடைந்து குடைந்து மலையுச்சியே உள்வாங்குவதால், 2014இல் யுனெஸ்கோ போதோசியை ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. எனவே பயணத் திட்டத்தில் முதல் அரைநாளை ஊருக்குள் இருக்கும் பழைய நாணயச்சாலை அருங்காட்சியகத்துக்கு ஒதுக்குங்கள். சுரங்கத்தில் இறங்குவதா வேண்டாமா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம். முன்பணம் கட்ட அவசரமில்லை.