பதிவேடும் ராதாரிச் சீட்டும்

ஏர்பேட்டில் ரயிலேறும் ஒருவர் ரேணிகுண்டா, திருப்பதி, பாகாலா, சித்தூர் கடந்து காட்பாடியில் இறங்கிவிடலாம். நடுவே மாநில எல்லை ஒன்று இருப்பதை அவர் உணர்வதுகூட இல்லை. கூலி வேலைக்குப் போகிறவர்களும் காய்கறி ஏற்றிச் செல்கிறவர்களும் மலையேறி வரும் பக்தர்களும் அன்றாடம் இப்படித்தான் போய்வருகிறார்கள். குழந்தையைச் சீரழித்துத் தண்டனை பெற்று, அது முடிந்து வெளியே வந்தவனும் அதே வண்டியில் வரலாம். புதிய ஊரில் அவன் பள்ளி வாகனம் ஓட்டும் வேலைக்குச் சேர்ந்தால் அந்த ஊருக்கு யார் சொல்வது? இக்கேள்வியைக் கேட்கும் தாய்மார்களை நாம் ஒருபோதும் அலட்சியப்படுத்தலாகாது.

அமெரிக்காவில் இதற்குச் சட்டம் உண்டு. பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்றவர் வீடு மாறினால் மூன்று வேலை நாட்களுக்குள் நேரில் சென்று தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்நாட்டின் 2006ஆம் ஆண்டுச் சட்டம். பெயரும் படமும் முகவரியும் இணையத்தில் எவரும் காணக் கிடைக்கின்றன. பிரிட்டனின் 2003ஆம் ஆண்டுச் சட்டமும் மூன்று நாள் கெடு விதிக்கிறது; ஆனால் அங்கே அந்தப் பட்டியல் பொதுவெளியில் வெளியிடப்படுவதில்லை.

நம் நாட்டில் 2018 செப்டம்பர் 20 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளத்தைத் தொடங்கியது. தொடக்கத்திலேயே அதில் 4,40,000 பதிவுகள். தேசியக் குற்றப் பதிவுகள் காப்பகம் அதைப் பராமரிக்கிறது. காவல்துறையினர் மட்டுமே பார்க்க முடியும். இடம் மாறும் போது தெரிவிக்க வேண்டும் என்ற கடமையை இந்தத் தரவுத்தளம் எவர் மீதும் சுமத்தவில்லை. மூன்றாண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றத்தில் மீண்டும் ஒருமுறை தண்டிக்கப்படுபவர், விடுதலைக்குப் பின் ஐந்தாண்டு வரை தம் இருப்பிடத்தையும் அதன் மாற்றத்தையும் தெரிவிக்க வேண்டுமென்று நீதிமன்றம் விரும்பினால் உத்தரவிடலாம். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 356ஆவது பிரிவாக இருந்து, இன்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 394ஆவது பிரிவாகியிருக்கும் அந்த ஏற்பாடு ஒன்றுதான் சட்டத்தில் இருக்கிறது.

ஆந்திரம் இன்னொரு வழியை முயன்றது. 2019 நவம்பரில் ஹைதராபாத் அருகே கால்நடை மருத்துவர் ஒருவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்டார். டிசம்பர் 6 அன்று அவ்வழக்கில் பிடிபட்ட நால்வரையும் காவல்துறை சுட்டுக் கொன்றது. சுட்டவர்கள் மீது மக்கள் மலர் தூவினர். கொல்லும் நோக்குடனேயே சுட்டனர் என்று உச்சநீதிமன்றம் அமைத்த சிர்புர்கர் ஆணையம் பின்னர் அறிக்கை தந்தபோது மலர்கள் வாடி நெடுநாளாகியிருந்தது. அந்தச் சூட்டில், ஒரே வாரத்தில், டிசம்பர் 13 அன்று ஆந்திரச் சட்டமன்றம் திஷா மசோதாவை நிறைவேற்றியது. 21 நாளில் தீர்ப்பு என்றது அது. பெண்கள், குழந்தைகளுக்கு எதிரான குற்றவாளிகளின் மின்னணுப் பதிவேடு உருவாகும், தேசியத் தரவுத்தளம் போலன்றிப் பொதுமக்களும் அதைப் பார்க்கலாம் என்று மாநில அரசு பெருமையோடு அறிவித்தது. திஷா மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கை மட்டும் உயிரோடிருக்கிறது. ஒவ்வொரு கொடூரத்துக்குப் பின்னும் அது திரும்பி வருகிறது.

மொழிபெயர்ப்பு வேலையில் நாள்தோறும் என் பேனா இடறும் இடமொன்று உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் வேறு, குற்றம் மெய்ப்பிக்கப்பட்டவர் வேறு. நம் நாளேடுகளோ கைதான மறுநாளே இருவரையும் 'குற்றவாளி' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகின்றன. ஊரார் பார்க்கும் பட்டியல் ஒன்று வந்தால் அதுவும் அந்த நாளேட்டுத் தமிழில்தான் வாசிக்கப்படும். இன்னொரு சொல்லும் உண்டு. நாம் வசவாக வீசும் 'கேடி', காவல் நிலையத்தின் கே.டி. பதிவேட்டிலிருந்து வந்தது என்பார்கள்.

இடம்பெயர்வோரைப் பதிவு செய்யும் பழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டத்தை நம் மக்கள் கைரேகைச் சட்டம் என்றனர். குற்றமே செய்யாதவனும் பிறந்த சாதிக்காகக் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவல் நிலையத்தில் படுக்க வேண்டும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டைக் கண்டது. சட்டம் 1952இல் ஒழிந்தது. ஆனால் காவல் நிலையத்தின் மனம் மாறவில்லை. 2023 ஜூனில் சித்தூர் காவல்துறையினர் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் குறவர் குடும்பங்களை எல்லை தாண்டி இழுத்துச் சென்று வதைத்ததாகவும், பெண்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கியதாகவும் புகார் எழுந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2025 செப்டம்பர் இறுதியில் ஆந்திரத்திலிருந்து சரக்கு வண்டியில் வந்த இளம்பெண் திருவண்ணாமலை அருகே வன்கொடுமைக்கு ஆளானார். குற்றம் சாட்டப்பட்டவர்கள் இரவு ரோந்திலிருந்த இரு காவலர்கள். பின்னர் அவர்கள் பணியிலிருந்து அகற்றப்பட்டனர். பதிவேட்டை எவர் கையில் கொடுக்கப் போகிறோம் என்பதை இவ்விரு நிகழ்வுகளையும் வைத்துக்கொண்டுதான் யோசிக்க வேண்டும்.

மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தண்டனைக் கைதி ஒருவரை நாடே பார்த்துக்கொண்டிருக்கிறது. 2017இல் வன்புணர்வு வழக்கில் இருபதாண்டுத் தண்டனை பெற்ற குர்மீத் ராம் ரஹீம், ஹரியானாச் சிறையிலிருந்து திரும்பத் திரும்பப் பரோலில் வெளிவந்து உத்தரப் பிரதேசத்தின் பர்னாவா ஆசிரமத்தில் தங்கி உபதேசம் செய்திருக்கிறார். அவர் இருக்குமிடம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்து என்ன ஆயிற்று? பில்கிஸ் பானு வழக்கில் 11 பேரை 2022 ஆகஸ்ட் 15 அன்று குஜராத் அரசு விடுவித்தது. வெளியே மாலையும் இனிப்பும் காத்திருந்தன. விசாரணையும் தண்டனையும் மகாராஷ்டிரத்தில் நடந்ததால் விடுவிக்கும் அதிகாரம் குஜராத்துக்கு இல்லையென்று 2024 ஜனவரி 8 அன்று உச்சநீதிமன்றம் கூறியது. தோழர் சுபாஷினி அலி உள்ளிட்டோர் தொடுத்த வழக்குகளும் சேர்ந்து பெற்ற தீர்ப்பு அது. அந்த ஆண்டுகளிலெல்லாம் வீடு வீடாக, ஊர் ஊராக மாறிக்கொண்டிருந்தவர் பில்கிஸ்தான். இந்தியாவில் பாலியல் குற்றத்தின் பொருட்டு இடம்பெயர்கிறவர்கள் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவர்களே. அவர்களுக்கு வீட்டுக்கும் பிழைப்புக்கும் எந்தப் பதிவேடும் வழி சொல்வதில்லை.

தேசியக் குற்றப் பதிவுகள் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் பதிவான வன்புணர்வு வழக்குகள் 31,516. அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் அப்பெண்ணுக்கு முன்பே அறிமுகமானவர்; உறவினர், அண்டை வீட்டார், நண்பர், முதலாளி. வெளியூரிலிருந்து வந்து குடிசையில் தங்கியிருக்கும் தொழிலாளியைச் சுட்டிக்காட்டும் பட்டியலால் இவர்களைத் தடுக்க முடியாது. அவனை அடித்து விரட்டுவதற்கு வேண்டுமானால் அது பயன்படும்.

அதற்காக ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது. குழந்தைகளுக்கு எதிரான குற்றத்தில் மேல்முறையீடும் முடிந்து தண்டனை உறுதியானவர், நீதிமன்றம் தனித்தனியே ஆராய்ந்து குறிக்கும் காலம் வரை இடமாற்றத்தைத் தெரிவிக்கட்டும். அந்தத் தகவல் ஏர்பேட்டுக்கும் காட்பாடிக்கும் இடையே பூட்டிய உறையில் செல்லட்டும். கசியவிட்ட அதிகாரி தண்டிக்கப்படட்டும். பள்ளி, விடுதி, விளையாட்டுப் பயிற்சிக் கூடம் அனைத்தும் பணியாளர்களின் பின்னணியைக் காவல்துறை வழியே அவ்வப்போது சரிபார்க்க வேண்டுமென்று 2020ஆம் ஆண்டின் போக்சோ விதிகள் ஏற்கெனவே கட்டளையிட்டுள்ளன. முதலில் கேட்ட பள்ளி வாகனக் கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. ஒப்பந்ததாரர் மூலம் ஓட்டுநரையும் ஆயாவையும் அமர்த்தும் தனியார் பள்ளிகளில் அது நடக்கிறதா என்று மாதர் சங்கமும் வாலிபர் சங்கமும் கல்வி அலுவலர்களிடம் எழுத்து மூலம் கேட்கலாம். பதில் வராவிட்டால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்குமுன் இதைச் செய்துவிட வேண்டும்.