மலைக்கு வரும் நர்ஸ் ஏன் நிற்பதில்லை?

பொன்முடிக்கு வரும் உல்லாசப் பயணிகள் 22 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி மகிழ்ந்துவிட்டு மாலையில் இறங்கிவிடுகிறார்கள். பிரசவ வலியோடு லயத்திலிருந்து விதுரா தாலுகா ஆஸ்பத்திரிக்கு இறக்கப்படும் நம் பெண்ணுக்கும் அதே வளைவுகள்தாம்.

தோட்டத்திலேயே வைத்திய வசதி வேண்டும் என்றது 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். 2025 நவம்பரில் அது புதிய சட்டத் தொகுப்புக்குள் கரைக்கப்பட்டது. சட்டம் எதுவானால் என்ன, மருந்து அலமாரியைத் திறக்க ஓர் ஆள் வேண்டாமா? மலைக்கு வரும் நர்ஸ் பெட்டியைப் பிரிக்குமுன்பே மாறுதலுக்கு மனு எழுதுகிறார். குளிரும் அட்டையும் காரணம் என்கிறார்கள். நாம் நம்பவில்லை. அதே கேரளத்து நர்ஸ் குளிர் மிகுந்த இங்கிலாந்தில் போய் நிலைத்துவிடுகிறாரே! அங்கே சம்பளமும் உண்டு, மேலே ஏறப் படியும் உண்டு. இங்கே பத்து வருஷம் உழைத்தாலும் சேர்ந்த நாற்காலிதான்.

ஆஷா சகோதரிகளைப் பாருங்கள். 2005இல் தொடங்கிய திட்டம். பயிற்சி மேல் பயிற்சி, வேலை மேல் வேலை. பெயர் மட்டும் இன்றும் 'தன்னார்வலர்'! 2025 பிப்ரவரி 10 அன்று திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன் உட்கார்ந்தவர்கள், மாதம் 7,000 ரூபாயை 21,000 ஆக்கு என்றார்கள். எட்டு மாதத்துக்கு மேல் வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். ஏறியது 1,000 ரூபாய். உயர்வுக்கு வழியில்லாத பயிற்சி வேலைப்பளுவைத்தான் கூட்டும்.

கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர்களையே படிக்கவைத்து அங்கே வேலை கொடுங்கள், உயர்வுக்கும் வழி செய்யுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2010இலும் 2021இலும் சொன்னது. மலையில் யார் நிற்பார்கள்? மலையில் பிறந்தவள்தான் நிற்பாள். பாட்டியின் மூட்டுவலியைத் தமிழில் கேட்டு, மருந்தைத் தமிழில் சொல்லுவாள்.

ஆனால் அவளுக்கு வாசல் எங்கே? நர்ஸ் படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். தமிழில் தொடங்கிய பிள்ளை மலையாளத்திலும் இங்கிலீஷிலும் தடுமாறிப் பாதியில் கொழுந்து பறிக்கப் போகிறாள். தட்டுத் தடுமாறித் தேறினாலும், குடும்பம் 1950க்குப் பின் எல்லை தாண்டி வந்ததென்றால் தாழ்த்தப்பட்டோருக்கான ஒதுக்கீடு இங்கே கிடையாது. நான்கு தலைமுறை தேயிலைக்கு உழைத்தாலும் நாம் 'வந்தவர்கள்'!

தோழர்களே, டிஸ்பென்சரிக்கு வெள்ளையடிக்கச் சொல்லி மனுக் கொடுத்தது போதும். தோட்டப் பிள்ளைகளுக்கு நர்ஸ் படிப்பில் தனி இடம், படிக்கும் காலத்தில் உதவித்தொகை, மலையில் உழைத்த ஆண்டுகளைக் கணக்கிட்டு மேற்படிப்பும் பதவி உயர்வும். ஆஷாவாக இருக்கும் நம் பெண்கள் துணைச் செவிலியராக உயர வழி. இவற்றைத்தான் கேட்கிறோம். பள்ளியை விட்டு நின்ற பெண் உங்கள் லயத்தில் இருந்தால், அவள் பெயரை இந்த மாதமே சங்கத்தில் எழுதிக் கொடுங்கள்.