தாயின் பெயர் எங்கே?

தோழர்களே, அடிமைமுறை பற்றிப் பேச்செடுத்தாலே "அந்தக் காலத்து வழக்கம் அப்படி" என்று சிலர் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். அவர்களிடம் நாம் எலிசபெத் கீயின் குடும்ப வரலாற்றைத்தான் எடுத்து வைக்க வேண்டும்.

1630 வாக்கில் இங்கிலாந்தின் வர்ஜீனியா காலனியில் பிறந்தவர் எலிசபெத். தந்தை தாமஸ் கீ வெள்ளையர், காலனியின் சட்டமன்ற உறுப்பினர். தாய் அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண். குழந்தை தன்னுடையதல்ல என்று முதலில் மறுத்த தாமஸ் கீக்கு நீதிமன்றம் அபராதம் விதித்தது. 1636இல் ஒன்பது ஆண்டு வேலை ஒப்பந்தத்தில் மகளை இன்னொருவரிடம் விட்டார். ஒப்பந்தம் முடிந்தும் விடுதலை வரவில்லை. கைமாறி, ஜான் மாட்ரம் என்ற பண்ணையாரிடம் வந்து சேர்ந்தார். 1655இல் மாட்ரம் இறந்ததும், அவருடைய சொத்தை நிர்வகித்தவர்கள் எலிசபெத்தையும் அவருடைய குழந்தையையும் அடிமைகள் என வகைப்படுத்தினார்கள்.

எலிசபெத் வழக்குத் தொடுத்தார். அவருக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட். அவரும் ஒப்பந்தக் கூலியாக வந்த ஆங்கிலேய இளைஞர்தான். வாதங்கள் மூன்று: ஆங்கிலச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையைச் சார்ந்தது; எலிசபெத் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவர்; ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. எண்பது வயது எலிசபெத் நியூமன் என்ற பெண் பழைய அபராதத்தை நினைவுகூர்ந்து சாட்சி சொன்னார். மேல்முறையீடுகளைக் கடந்து 1656இல் எலிசபெத் வென்றார். கிரின்ஸ்டெட்டையே மணந்துகொண்டார்.

ஆதிக்கம் சும்மா இருக்குமா? 1662இல் வர்ஜீனியா சட்டமன்றம் புதுச் சட்டம் போட்டது: பிள்ளை அடிமையா, சுதந்திரமானவரா என்பதைத் தாயின் நிலையே தீர்மானிக்கும். தந்தைவழி வாதம் அத்தோடு அடைபட்டது. அடிமைப் பெண்ணைப் பலாத்காரம் செய்யும் எசமானுக்குப் பொறுப்பு எதுவும் இல்லை. பிறக்கும் பிள்ளையும் அவனுக்குச் சொத்து. 1667இல் இன்னொரு சட்டம்: ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமைத்தனம் நீங்காது. கல்லறைத் தோட்டத்துக்குள்ளும் சாதிச் சுவர் எழுப்பிய தேவாலயங்களைப் பார்த்த நமக்கு இது புதிதல்ல.

இதற்குப் பெயர் வழக்கமா? ஒரு பெண் வழக்காடி வென்ற வாசல்களை ஆண்டு குறித்து, கையெழுத்துப் போட்டு அடைத்திருக்கிறார்கள். பிறப்பால் வரும் இழிவு என்பதை இயற்கை கொடுக்கவில்லை. உட்கார்ந்து எழுதியவர்கள் இருந்தார்கள், அதனால் லாபம் அடைந்தவர்களும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எலிசபெத்தின் குடும்ப மரத்தில் தந்தையின் பெயர் இருக்கிறது. அவர் வகித்த பதவி இருக்கிறது. தாயின் பெயர் இல்லை. வழக்கு ஆவணங்களில் அவர் வெறும் கறுப்பினப் பெண். பிள்ளையின் தலையெழுத்தைத் தாயே தீர்மானிப்பாள் என்று பிறகு சட்டம் எழுதியவர்களுக்கு, அந்தத் தாயின் பெயரை எழுதும் அவசியம் வரவில்லை.

இது ஒரு பெண்ணோடு நிற்கவில்லை. 1850, 1860 ஆண்டுகளின் அமெரிக்க அடிமைக் கணக்கெடுப்பிலும் எசமானின் பெயருக்குக் கீழே பெரும்பாலும் வயது, பாலினம், நிறம் மட்டும்தான். அடிமைகளாக இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் 1870 கணக்கெடுப்பில்தான் முதன்முறையாகப் பெயரோடு பதிவானார்கள். இன்று முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் பல அந்த ஆண்டிலேயே முட்டி நிற்கின்றன. ஆகவே வம்சாவளி நீளமாக இருப்பதில் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. எழுதுகோல் யார் கையில் இருந்தது என்பதைத்தான் அது காட்டுகிறது.

நம் வீட்டுப் பாட்டிகளின் தாய்மார் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கேளுங்கள். யாருடைய நிலத்தில் வேலை செய்தார்கள், எங்கிருந்து துரத்தப்பட்டார்கள் என்பதையும் கேளுங்கள். பெயரோடு, தேதியோடு எழுதி வையுங்கள். எண்பது வயது மூதாட்டி ஒருவரின் நினைவு நீதிமன்றத்தில் சாட்சியமாக நின்றிருக்கிறது. நம் பாட்டிகளின் நினைவும் நிற்கும்.