தாய்மடியே முதற்பள்ளி

மழலை ஆங்கிலப் பாட்டொன்றை ஒப்புவித்தால் வீடே கைகொட்டி மகிழ்கின்றது. அதே குழந்தைக்குக் கடைப்பலகையிலுள்ள தமிழ்ப்பெயரைப் படிக்கத் தெரியவில்லையே என்று எவரும் நாணுவதில்லை! கேட்டால், "தமிழில் 247 எழுத்தாயிற்றே!" என்று கைவிரிக்கின்றனர். என்னே அறியாமை! உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. எஞ்சிய 216 உயிர்மெய்யும் இவ்வுயிரும் மெய்யும் கூடிப் பிறந்தவையே. அனைத்தையும் முதலிலேயே நெட்டுருப் போடச் சொன்னவர் யார்?

ப, ட, ம என்னும் எளிய வடிவுகளை மணலில் விரலால் எழுதி, ஒலித்துக் காட்டுக. புள்ளியிட்டால் மெய்யாகும் என்பதை உணர்த்துக. படம், மடம், பட்டம், மட்டம் எனக் குழந்தை தானே கூட்டிப் படிக்கும். காலொன்றைச் சேர்த்தால் பாடம், மாடம், மாமா! உகர ஊகாரக் குறிகள் எழுத்துக்கு எழுத்து வடிவு மாறுவன. அவற்றைப் பின்னர்க் கற்பிக்கலாம். நாள்தோறும் அரை நாழிகை போதும். அடியும் வேண்டா, அச்சுறுத்தலும் வேண்டா.

பள்ளி பார்த்துக்கொள்ளும் என்று வாளாவிருப்போர் ஒன்றை எண்ணிப் பார்க்கட்டும்: பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தலைமுறைக்குத் திருக்குறளும் பூட்டிய பேழையே. திறவுகோல் பெற்றோர் கையில்! இன்றே தொடங்குக!