மெஸ் அய்னக்: செம்பைத் தோண்டும் முன் தண்ணீரை அளந்தார்களா?

காபூலிலிருந்து தென்கிழக்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில், லோகர் மாகாணத்தின் வறண்ட மலைகளுக்கு நடுவே இருக்கிறது மெஸ் அய்னக். உலகில் இன்னும் தோண்டப்படாத மிகப் பெரிய செம்புப் படிவங்களில் ஒன்று அங்கே புதைந்து கிடக்கிறது. 2007ல் எம்.சி.சி., ஜியாங்சி காப்பர் ஆகிய சீன நிறுவனங்கள் ஏலத்தில் இதை வென்றன. மறு ஆண்டு 30 ஆண்டுகளுக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. போர், கண்ணிவெடிகள், தொல்லியல் அகழாய்வு எனப் பல காரணங்களால் திட்டம் முடங்கியே கிடந்தது. 2024 ஜூலையில் சுரங்கத்திற்கான சாலைப் பணியை தாலிபான் அரசும் சீனத் தரப்பும் சேர்ந்து தொடங்கி வைத்த பிறகு, மீண்டும் பேச்சு எழுந்திருக்கிறது.

உலக ஊடகங்கள் இதில் மூன்று விஷயங்களைப் பேசுகின்றன: சீனாவின் செல்வாக்கு, தாலிபான் அரசின் வருமானம், அங்குள்ள பழைமையான பௌத்த மடாலயங்கள். மூன்றும் பேச வேண்டியவைதான். ஆனால் அங்கே வாழும் மக்களின் அன்றாடத்தைத் தொடும் தண்ணீர் பற்றிய பேச்சு மிகக் குறைவு. அதையே நாம் இங்கு கவனப்படுத்த விரும்புகிறோம்.

மெஸ் அய்னக் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள பகுதி. காபூல் வட்டாரத்தில் ஆண்டுக்குச் சுமார் 300 மில்லிமீட்டர் மழையும் பனியும்தான். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்திலும் வசந்த காலத்திலும் வந்து போய்விடும். கோடை முழுக்க வானம் வறண்டிருக்கும். மலையில் உருகும் பனிதான் நிலத்தடிக்குள் இறங்கி, ஊற்றாகவும் கிணறாகவும், காரீஸ் எனப்படும் பழைய நிலத்தடி வாய்க்காலாகவும் மக்களை வந்தடைகிறது. பனி குறைந்த ஆண்டில் எல்லாமே குறையும்.

இத்தகைய நிலத்தில் செம்புச் சுரங்கம் என்ன செய்யும்? மையப் படிவத்தில் சுமார் 24 கோடி டன் தாது இருப்பதாகவும், அதில் செம்பு சராசரியாக 2.3 சதவீதம் எனவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அப்படியானால் 100 டன் கல்லைத் தோண்டி அரைத்தால் கிடைப்பது இரண்டே கால் டன் செம்பு. எஞ்சியதில் பெரும்பகுதி நீருடன் கலந்த சேறாகத் தேங்கும். அரைத்த கல்லிலிருந்து செம்பைப் பிரிக்க ஏராளமான நீர் வேண்டும். பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்திற்குக் கீழே இறங்கினால், ஊறும் நீரை ஓயாமல் இறைத்து வெளியேற்ற வேண்டும். அப்போது சுற்றியுள்ள கிணறுகளும் காரீஸ்களும் வற்றும் அபாயம் உண்டு.

அடுத்தது மாசு. அங்குள்ள செம்பு கந்தகம் கலந்த தாதுக்களில் இருக்கிறது. அவை காற்றும் நீரும் பட்டால் அமிலம் உண்டாக்கலாம். அந்தப் பாறையில் உள்ள சுண்ணத்தன்மை அமிலத்தை ஓரளவு தணிக்கும் என்பதையும் சொல்லியாக வேண்டும். எந்த அளவுக்குத் தணிக்கும் என்பதைப் பரிசோதனையால்தான் அறிய முடியும். சேறு தேங்கும் அணையோ வெள்ளத்தையும் நிலநடுக்கத்தையும் தாங்க வேண்டும். 2022 ஜூனில் பக்திக்கா பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கம் ஆயிரத்திற்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் லோகரிலேயே திடீர் வெள்ளம் உயிர்களைப் பறித்தது.

இது லோகரோடு முடிகிற விஷயமும் அல்ல. லோகர் ஆறு காபூல் ஆற்றில் கலக்கிறது. காபூல் ஆறு பாகிஸ்தானுக்குள் சென்று சிந்துவில் சேர்கிறது. காபூல் நகரமோ ஏற்கெனவே தவித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பத்தாண்டுகளில் நிலத்தடி நீர்மட்டம் 25 முதல் 30 மீட்டர் வரை இறங்கிவிட்டது என்றும், 2030க்குள் நிலத்தடி நீர் தீர்ந்துபோகலாம் என்றும் மெர்சி கோர் அமைப்பு 2025ல் எச்சரித்தது.

அதற்காகச் சுரங்கமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆப்கான் மத்திய வங்கியின் சுமார் 700 கோடி டாலரை 2021ல் அமெரிக்கா முடக்கியது. வெளிநாட்டு உதவியும் சுருங்கிவிட்டது. தன் மண்ணின் வளத்தைக் கொண்டு தன் மக்களுக்குச் சோறு போட அந்நாட்டிற்கு முழு உரிமை உண்டு.

ஆனால் தண்ணீரை மக்களின் பொது உரிமையாகப் பார்ப்பது நம் மார்க்கம். கிணற்றையும் ஊற்றையும் சுற்றி 'ஹரீம்' என்னும் காப்பு எல்லையை வகுத்து, அதற்குள் மற்றவர் தோண்டி அந்த நீரைக் கெடுக்கக் கூடாது என்று ஃபிக்ஹ் அறிஞர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே சட்டம் சொன்னார்கள். ஷரீஅத்தின்படி ஆள்வதாகச் சொல்லும் அரசு, இந்தச் சட்டத்தை மெஸ் அய்னக்கில் நடைமுறைப்படுத்திக் காட்ட வேண்டும்.

அதன் முதல் படி எளிமையானது. தோண்டுவதற்கு முன் ஒவ்வொரு கிணறு, ஊற்று, காரீஸின் நீர்மட்டத்தையும் தரத்தையும் எல்லாப் பருவங்களிலும் அளக்க வேண்டும். சுரங்க நிறுவனத்தைச் சாராதவர்கள் அளக்க வேண்டும். முடிவுகளை தரியிலும் பஷ்தூவிலும் ஊர் மக்கள் கையில் கொடுக்க வேண்டும். இந்த அளவு இல்லையென்றால், பத்து வருடம் கழித்து ஒரு விவசாயி தன் கிணறு வற்றிவிட்டது என்று முறையிடும்போது, அது முன்பே அப்படித்தான் இருந்தது என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

செம்பு பல கோடி ஆண்டுகளாக அந்த மலைக்குள் இருக்கிறது. இன்னும் ஓரிரு ஆண்டுகள் பொறுத்திருப்பதால் அது எங்கும் போய்விடாது. நீரும் நிலமும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் பற்றி ஆட்சியாளரும் நிறுவனமும் மட்டுமல்ல, பார்த்தும் பேசாமல் இருந்த நாமும் கேட்கப்படுவோம்.